பிரேக்கில் இருப்பது யாருடைய கால்?

ஓட்டுநர் தேர்வில் தோற்றுவிட்டு வரும் பெண்ணுக்கு நம் ஊரில் கிடைக்கும் முதல் அறிவுரை, "தைரியமா இரு". இரண்டாவது, "இப்படி பயந்தா எப்படி வண்டி ஓட்டுவ?" மூன்றாவது வீட்டுக்குள் அன்பாகச் சொல்லப்படுவது: "விடும்மா, உனக்கு எதுக்கு இதெல்லாம். எங்க போகணும்னாலும் நான் கொண்டுபோய் விடறேன்." சொல்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் மூன்று அறிவுரைக்கும் அடியில் ஒரே முடிவு இருக்கிறது: அவள் தோற்றதற்குக் காரணம் அவளுடைய மனசு.

மனசு பலவீனம், அதனால் கால் நடுங்குகிறது, அதனால் வண்டி ஆஃப் ஆகிறது, அதனால் பிரேக் இன்ஸ்பெக்டர் "அடுத்த வாரம் வாங்க" என்கிறார். எல்லோருக்கும் வசதியான வரிசை இது. இதில் பயிற்சிப் பள்ளிக்குப் பொறுப்பில்லை, கார் சாவியைத் தராத வீட்டுக்குப் பொறுப்பில்லை, அரசுக்கும் இல்லை. அவள் எத்தனை மணி நேரம் வண்டியைத் தொட்டாள் என்று கேட்காமல் ஏன் பயந்தாள் என்று மட்டும் கேட்பது, சோறு போடாமல் ஏன் மெலிந்தாய் என்று கேட்பது போன்றது.

நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறவள். ஒவ்வொரு ஆண்டும் பத்துப் பதினைந்து மாணவிகளாவது எல்.எல்.ஆர். எடுக்கிறார்கள். சிலர் முதல் முறையே தேறிவிடுவார்கள். தேறாதவர்கள் அதை யாரிடமும் சொல்லமாட்டார்கள். கணக்குப் பாடத்தில் அரியர் என்றால் கேன்டீனில் சத்தமாகச் சொல்லிச் சிரிக்கிற பெண், "எட்டு போடும்போது கால் ஊன்றிட்டேன்" என்பதை மட்டும் மூன்று மாதம் மறைத்து வைக்கிறாள். அரியரைவிட இது பெரிய அவமானமாக இருக்கிறது. அப்படியென்றால் அங்கே வண்டி ஓட்டும் திறமைக்கு மேலாக வேறு எதையோ அளக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். சொந்த உபயோகக் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளில் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது என்றும், அதில் மாணவர் உண்மையாக வண்டி ஓட்டும் நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. உங்கள் தோழிகளைக் கேட்டுப்பாருங்கள். காலை ஆறரை மணி வகுப்பு. காரில் மாஸ்டரோடு மூன்று பேர். ஒருவர் ஓட்ட மற்ற இருவரும் பின்சீட்டில். ஒருவரை இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றப் போகும் வழியும் வகுப்புதான், மாஸ்டர் டீக்கடையில் நிற்கும் நேரமும் வகுப்புதான். இதில் ஆளுக்கு ஸ்டியரிங் கிடைப்பது பத்து, பன்னிரண்டு நிமிடம். 21 நாள் தவறாமல் போனாலும் நாலேகால் மணியைத் தாண்டாது. மீதி நேரத்துக்கும் காசு வாங்கியாகிவிட்டது.

அந்த நாலு மணி நேரத்திலும் வண்டியை யார் ஓட்டினார்கள் என்பது அடுத்த கேள்வி. பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கத்திலும் கிளட்ச், பிரேக் இருக்கும். அப்படி இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. உயிர் காக்கும் ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடப்பது என்ன? "நீங்க ஸ்டியரிங்கை மட்டும் ஸ்டெடியா பிடிங்க மேடம், மத்தத நான் பாத்துக்கறேன்." முன்னால் மாடு வருகிறது, அவர் கால் பிரேக்கில். சிக்னலில் வண்டி கிளம்ப வேண்டும், அவர் கால் கிளட்சில். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தால் இவள் பதறுவதற்குள் அவரே எடுத்துவிடுவார். மூன்று வாரமும் வண்டி ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை. "சூப்பரா ஓட்டறீங்க மேடம்" என்றும் சொல்லியாகிவிட்டது. ஹாஃப் கிளட்ச் என்றால் பாதத்துக்கு அடியில் எப்படி இருக்கும் என்பதே தெரியாமல் அவள் தேர்வுக்குப் போகிறாள். அன்றைக்கு மட்டும் அந்த இன்னொரு கால் வேலை செய்யாது. வண்டி குலுங்கி நிற்கிறது. "டென்ஷன் ஆயிட்டீங்க மேடம்" என்கிறார் அதே மாஸ்டர்.

டென்ஷன்தான். ஆனால் முதல் தடவையாகத் தனியாக ஒரு காரை நகர்த்தும் யாருக்கும் வர வேண்டிய டென்ஷன் அது.

பக்கத்து வரிசையில் நிற்கும் பையனுக்கு ஏன் வரவில்லை? அவன் பதினான்கு வயதில் அப்பாவின் பைக்கைத் தெருமுனை வரை ஓட்டினான். பதினாறில் மாமாவின் காரை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினான். கல்யாண வீட்டில் "தம்பி, அந்த வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்து" என்று சாவியைத் தூக்கிப் போட்டார்கள். மெக்கானிக் கடை வாசலில் நாள் முழுக்க நிற்க அவனால் முடியும். நான்கு வருடச் சட்டவிரோத அனுபவத்தோடு அவன் எல்.எல்.ஆருக்கு வருகிறான். அதற்குத்தான் நாம் தைரியம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அதே கல்யாண வீட்டில் அவனுடைய அக்காவிடம் யாராவது சாவியைத் தூக்கிப் போட்டிருக்கிறார்களா?

நேரம் ஒரு பாதி. மறு பாதி, பார்வை. 2008இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆய்வாளர்கள், இயுங், வான் ஹிப்பல் என்பவர்கள், வண்டி ஓட்டத் தெரிந்த பெண்களை சிமுலேட்டரில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவினரிடம், பெண்கள் மோசமாக வண்டி ஓட்டுவார்கள் என்ற பேச்சை முன்கூட்டியே நினைவூட்டினார்கள். இன்னொரு பிரிவினரிடம் அதை நினைவூட்டவில்லை. பாதசாரி திடீரென்று குறுக்கே வரும்போது, நினைவூட்டப்பட்ட பெண்கள் மோதியது மற்றவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நினைவூட்டலைத் தவிர இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. காதில் விழுந்த ஒரு வாக்கியம் பிரேக்குக்குப் போக வேண்டிய கவனத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

நம் ஆர்.டி.ஓ. மைதானங்களில் அந்த வாக்கியத்தைச் சொல்ல ஆய்வாளர் தேவையில்லை. காம்பவுண்டுச் சுவர் மேல் உட்கார்ந்திருப்பவர்கள், பயிற்சிப் பள்ளி ஆட்கள், தன் முறைக்குக் காத்திருக்கும் லாரி டிரைவர்கள், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எல்லோரும் இலவசமாகவே சொல்வார்கள். "லேடீஸ் வருது, தள்ளி நில்லுங்கப்பா." ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். அவள் முதல் கியரைப் போடுவதற்குள் சோதனைக்கூடம் தயார்.

இப்படிச் சிரிக்கிறவர்களுக்கு ஒரு எண். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் ஆண்கள். பெண்கள் சாலையில் குறைவாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம். அதனால் பெண்கள் அற்புதமாக ஓட்டுகிறார்கள் என்று நான் இதை வைத்து வாதாடப் போவதில்லை. ஆனால் இத்தனை ஆண்கள் செத்தும், "ஆம்பளைங்க வண்டி ஓட்டினாலே இப்படித்தான்" என்று ஒருவரும் சொல்வதில்லையே. ஆண் இடித்தால் அது அந்த ஒரு ஆளின் தப்பு. பெண் இடித்தால் நம் எல்லோருடைய தப்பு. நாளை மறுதேர்வுக்குப் போகும் பெண் தன் ஒருத்தியின் கிளட்சை மட்டும் அமுக்கவில்லை, ஒட்டுமொத்தப் பெண்களின் மானத்தையும் சேர்த்து அமுக்குகிறாள். கால் வலிக்காமல் என்ன செய்யும்?

"பொம்பளைங்கன்னா பாத்து விட்டுருவாங்க" என்ற பேச்சும் உண்டு. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். பத்து அடி முன்னால், பத்து அடி பின்னால், "போதும் மேடம், இறங்குங்க." சலுகை போலத் தெரியும் இதில் இருப்பது அவமதிப்பு. இவள் எப்படியும் சாலைக்கு வரப்போவதில்லை, அட்டையை வாங்கி பீரோவில் வைக்கப்போகிறாள், விலாசச் சான்றுக்கு உதவும் என்ற எண்ணம்தான் அந்தத் தாராளத்துக்குக் காரணம். பயிற்சிப் பள்ளிகள் "ஆபீஸ் செலவு" என்று கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் தொகையும் இதே வகைதான். அந்தப் பணம் வாங்கித்தருவது அட்டையை மட்டும். மழை பெய்யும் இரவில் மேம்பாலத்து ஏற்றத்தில், முன்னால் பஸ் நிற்க, பின்னால் வேன் முட்ட, வண்டியை உருளவிடாமல் கிளப்பும் கால் அந்தத் தொகுப்பில் கிடையாது. இந்தச் சலுகைப் பேச்சால் தோற்ற பெண்ணுக்கு அவமானம் இரட்டிப்பாகிறது: "பொம்பளைக்கே குடுக்கலையா? அப்ப எவ்வளவு மோசமா ஓட்டியிருப்பா!" நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். அவளை நிஜமாகவே சாலைக்கு வரப்போகும் ஆளாக மதித்து ஒருவர் சோதித்திருக்கிறார். அந்த வரிசையில் பலருக்குக் கிடைக்காத மரியாதை அது.

இனி மறுதேர்வு. தோழி, உங்களுக்குத்தான் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, தேறாதவர் ஏழு நாள் கழித்து மறுபடி தேர்வுக்கு வரலாம். மூன்று முறையும் தேறாவிட்டால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். மறுதேர்வுக்கு மத்திய விதிப்படியான கட்டணம் 300 ரூபாய். இவ்வளவுதான் தண்டனை. ஜாதகத்தில் எழுதமாட்டார்கள், கிடைக்கப்போகும் உரிமத்தில் எத்தனையாவது முறை என்று அச்சிடமாட்டார்கள். ஏழாவது நாளே போயாக வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. "சூடு ஆறும் முன்னாடி போயிடணும்" என்று பள்ளிக்காரர் அவசரப்படுத்துவார். அது அவருடைய கணக்கை முடிக்க. உங்கள் கால் தயாராக ஒரு மாதம் ஆகும் என்றால் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதில் தேறவில்லை என்பதை வார்த்தையாகக் கேட்டு வாங்குங்கள். "சரியா ஓட்டலை" என்பது பதில் இல்லை. கிளட்சை வேகமாக விட்டேனா, கண்ணாடி பார்க்கவில்லையா, ரிவர்ஸில் கோட்டை மிதித்தேனா? கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். "நான் ஒரு பயந்தாங்கொள்ளி" என்பதைத் திருத்தப் பயிற்சி கிடையாது, "கிளட்சை வேகமாக விடுகிறேன்" என்பதற்கு உண்டு. வெற்று மைதானத்தில், ஆக்சிலரேட்டர் பக்கமே போகாமல், முதல் கியரில் கிளட்சை மட்டும் இழை இழையாக விடுங்கள். வண்டி லேசாக அதிர்ந்து நகர ஆரம்பிக்கும் அந்த இடத்தில் காலை நிறுத்துங்கள். மறுபடி அமுக்குங்கள். ஐம்பது முறை. பக்கத்தில் இருப்பவருக்குக் கொட்டாவி வரும், வரட்டும். ஆஃப் ஆனால் எண்ணுங்கள்: இன்று பன்னிரண்டு, நாளை ஏழு. ஆஃப் ஆன வண்டியை பிரேக்கை மிதித்து, கிளட்சை அமுக்கி, நியூட்ரலுக்கு வந்து, நிதானமாக மறுபடி கிளப்புவதையும் தனியாகப் பழகுங்கள். பலருக்கு வண்டி நின்றதைவிட, நின்றபின் கை பதறித் தொடர்ந்து செய்யும் இரண்டு தப்புகள்தான் தேர்வைக் கெடுக்கின்றன.

ஸ்கூட்டியில் எட்டு போடுகிறவர்கள் முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள். போக வேண்டிய வளைவைப் பாருங்கள், வண்டி கண் போன பக்கம் போகும். முதலில் மைதானம் முழுக்கப் பெரிய எட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்குங்கள். ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் லேசாகப் பிடித்து, வேகத்தைப் பின்பிரேக்கால் அடக்குங்கள். முடிந்தால் பழகிய வண்டியையே தேர்வுக்குக் கொண்டுபோங்கள். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். லூசான செருப்பும் தடித்த அடியும் வேண்டாம்.

காரில் உட்கார்ந்ததும் சீட்டை உங்களுக்கு ஏற்றபடி நகர்த்துங்கள். எத்தனை பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கால் நீளத்துக்கு வைத்த சீட்டில் நுனியில் தொற்றிக்கொண்டு ஓட்டுகிறார்கள் தெரியுமா! அடுத்தவர் காரில் எதையும் தொடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். தேர்வில் பார்க்க வேண்டியவை என்று 15ஆவது விதி போடும் பட்டியலில் முதலில் வருவதே பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்வதுதான். ஆக, அந்த அரை நிமிடம் விதிப்படி உங்களுடையது. சீட், கண்ணாடி, பெல்ட். அதற்குள் மூன்று முறை மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டுவிடலாம். யாரும் தியானம் செய்கிறாள் என்று நினைக்கமாட்டார்கள்.

அன்றைக்குக் காலைச் சமையல் உங்களுடையதாக இருக்கக் கூடாது. இதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றி, தான் சாப்பிடாமல், கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று தண்ணீரும் குடிக்காமல், ஊருக்கு வெளியே இருக்கும் அலுவலகத்துக்குப் போய் பதினொரு மணி வரை வெயிலில் நிற்கிற பெண்ணின் கை நடுங்கினால், அந்த நடுக்கத்தில் எவ்வளவு பயம், எவ்வளவு பசி என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? இட்லி தின்றுவிட்டுப் போங்கள். வாழைப்பழம் கொண்டுபோங்கள். யாரோ கொடுத்தார்கள் என்று பதற்றம் குறைக்கும் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அந்த வகை மாத்திரைகள் பல தூக்கத்தைத் தந்து, பிரேக்குக்குப் போகும் காலையும் மந்தமாக்கும். பழைய விபத்து ஒன்று கண்ணுக்குள் வந்து மூச்சே அடைக்கிறது என்றால் அது வேறு விஷயம். மருத்துவரிடம் காட்ட வேண்டியது, காட்டலாம்.

பக்கத்தில் யார் உட்கார்வது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் உரிமம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துத்தான் கார் ஓட்ட வேண்டும். அந்த ஒருவர் கணவராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பொறுமையான கணவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் பம்பரில் கீறல் விழுமோ என்ற கவலையில் இருக்கிறவர் நல்ல ஆசிரியராக இருப்பது கஷ்டம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் "பாத்து, பாத்து" என்றால், அது ஆஸ்திரேலிய ஆய்வை வீட்டுச் செலவில் நடத்துவது. நாத்தனார், கூட வேலை பார்க்கும் அக்கா, மாடி வீட்டு ஆன்ட்டி என்று உரிமம் உள்ள பெண் யாராவது இருப்பார். அவருடைய உரிமமும் பீரோவில் தூங்குகிறது என்றால் இருவரும் சேர்ந்து எழுப்புங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் இரண்டு மூன்று பேரை மைதானத்துக்கு வரச்சொல்லி, கைகட்டி முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லி ஓட்டிப்பாருங்கள். முதல் நாள் சிரிப்பு வரும், இரண்டாம் நாள் எரிச்சல் வரும், மூன்றாம் நாள் அவர்கள் நிற்பதே மறந்துபோகும்.

இவ்வளவு செய்தும் கால் நடுங்கலாம். நடுங்கும் காலோடு கிளட்சைச் சரியாக விட முடியும். ஓட்டுகிற பெண்கள் பலர் இன்றும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

இதையெல்லாம் ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக, ரகசியமாக, சொந்தக் காசில் செய்ய வேண்டியிருப்பதுதான் எனக்குக் கோபம். 2018 பிப்ரவரியில் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியத் திட்டத்தைத் தொடங்கியது. வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்கள். நல்ல திட்டம். உரிமம் வேண்டும் என்பது நிபந்தனை. வண்டிக்குப் பணம் வந்தது, எட்டு போடப் பழகும் இடத்துக்கும் நேரத்துக்கும் எதுவும் வரவில்லை. ஆர்.டி.ஓ. வாசல்களில் பெண்கள் வரிசையில் நின்றார்கள், நடுங்கினார்கள், நாமும் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே புதுக்கோட்டை வேறு வழி காட்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுத்தந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள். கேலி இருந்தது, அசிங்கமான பேச்சும் இருந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். தனியாக ஒருத்தி விழுந்தால் அது வேடிக்கை. நாற்பது பேர் சேர்ந்து விழுந்து எழுந்தால் சுவர் மேல் உட்கார்ந்து சிரிக்கிறவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. அங்கே யாரும் அந்தப் பெண்களுக்கு தைரியம் பற்றி வகுப்பெடுக்கவில்லை. சைக்கிளும் மைதானமும் பிடித்துக்கொள்ள இன்னொரு பெண்ணும் இருந்தார்கள். அதே காலத்தில், 1993இல், கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் நாம் பெண்ணுக்குக் கிளட்ச் வருமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் எத்தனை பெண்கள் கல்லூரிகள் இருக்கின்றன! ஒவ்வொன்றிலும் ஒரு மைதானம். விளையாட்டு விழாவுக்கு அடித்த சுண்ணாம்புக் கோடு அழிவதற்குள் அதே சுண்ணாம்பில் ஒரு எட்டும் ஒரு எச்-சும் போட்டுவிடலாம். ஞாயிறு காலை ஆறிலிருந்து ஒன்பது வரை கேட்டைத் திறந்துவிட வேண்டும், மாணவிகளுக்கு மட்டுமில்லை, அந்தத் தெருவில் எல்.எல்.ஆர். வைத்திருக்கும் எல்லாப் பெண்களுக்கும். தேர்வு நடக்கும் மைதானத்தில், தேர்வுக்கு வராத ஆட்கள் நிற்கக் கூடாது. பயிற்சிப் பள்ளி பத்து மணி நேரத்துக்கு மாணவி கையெழுத்துப் போட்ட பதிவேட்டைக் காட்ட வேண்டும்; மாஸ்டர் பிரேக்கை மிதித்த நேரத்தைக் கழித்துவிட்டு. தோற்றவருக்கு எதில் தோற்றார் என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் கல்லூரி நிர்வாகத்திடம் மைதானத்துக்காக மாணவிகள் மனு கொடுத்திருக்கிறார்கள். புல் கெட்டுப்போகும் என்று பதில் வந்திருக்கிறது. இரண்டாவது மனு தயாராகிறது. இந்த முறை ஆசிரியைகள் பதினோரு பேர் கையெழுத்திட்டிருக்கிறோம், அதில் நான்கு பேர் மறுதேர்வுக்குத் தேதி வாங்கியிருப்பவர்கள்.